ஆறு மாதம் ஓடிய மிக்சி

பெட்டியின் டேப் கிழியவில்லை. திருமூர்த்தியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். பட்ட பிறகும், இது வேறு ஏதோ பெட்டி, நம்முடையது உள்ளே அடுப்படியில் இருக்கிறது, இந்தம்மா அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டாள் என்று மனசு ஒரு சாக்கைத் தேடிக்கொண்டு வந்து கொடுத்தது. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் 'டிரையல்' என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது அவருடைய கையெழுத்து. அதற்கு மேலே மஞ்சள், நடுவில் குங்குமம். போன வாரம் ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்கும், பொரியில் ஒன்றிரண்டு இன்னும் அட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. வசந்தாமணி ஸ்டூலில் ஏறிப் பரணுக்குள் கையை விட்டு, மேலே போர்த்தியிருந்த பழைய சேலையை விலக்கி, கைக்குழந்தையை இறக்குகிற பதனத்தோடு இறக்கி டீப்பாயின்மேல் வைத்திருந்தாள். அவள் புருஷன் தண்டபாணி திருமூர்த்தியின் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து லோடு ஏற்றப் போயிருந்தான். "பாத்தீங்களா சார், ஒரு கீறல் இல்ல. எங்கூட்டுக்காரரு கொண்டாந்து குடுத்தது குடுத்தபடிக்கு வெச்சிருக்கறனுங்க" என்றாள். முகமெல்லாம் பெருமை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை பேப்பரை நீட்டுகிற முகம். "ஒரு தடவகூட ஓட்டிப் பாக்கலீங்களாம்மா?" என்று கேட்டது தன் குரல்தானா என்று திருமூர்த்திக்குச் சந்தேகமாக இருந்தது. "ஐயோ, புதுசப் போயி ஓட்டுவாங்களா! புள்ளைக்குத் தையில கல்யாணமுங்க. சீர்ல வெக்கறதுக்குன்னு எடுத்து வெச்சுட்டனுங்க. சித்த இருங்க, தோசை ஊத்தறேன், வெறும் வவுத்தோட போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்தபடி வந்தவருக்குச் சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், அதை முகத்திலேயே வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

புதுசைப் போய் ஓட்டுவார்களா. சரிதானே, யார் ஓட்டுவார்கள். நாளைக்கு அவிநாசி ரோடு ஓட்டலில் டீலர்கள் கூட்டம், தமிழ்நாடு கேரளா இரண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், மேடையில் ஒரு புது மிக்சியையும் ஆறு மாதம் ஓடிய ஒரு மிக்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது பழசு சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்க வேண்டும் என்பது திருமூர்த்தியின் யோசனை. நேற்று ராத்திரி அந்த யோசனை வந்தபோது அவருக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. அதற்காகத்தான் காலையில் முதல் வேலையாக, கம்பெனிக்குப் பக்கத்து வீடாக இருக்கட்டும் என்று, கணபதி ஏரியாவில் இந்தச் சந்துக்குள் தேடி வந்தது. எது பழசு சொல்லுங்கள் பார்ப்போம்! ஒரு டீலராலும் சொல்ல முடியாது. கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. முப்பது வீடு. ஓட்டிப் பார்க்கச் சொல்லி முப்பது வீட்டுக்கும் கொடுத்தது அவர்தான், முப்பது வீட்டுக்கும் வாராவாரம் போன் போட்டதும் அவர்தான். முன்பெல்லாம் இந்தக் கம்பெனியில் ஒரு புது மாடல் எப்படி வரும்? பெரிய முதலாளி வடக்கே எங்கேயோ கண்காட்சிக்குப் போவார், ஒன்றைப் பார்ப்பார், திரும்பி வந்து இதே மாதிரி தீபாவளிக்குள் வேண்டும் என்பார், தீபாவளிக்கு வரும், பொங்கலுக்குப் பாதி திரும்பி வரும். சர்வீஸ் சென்டர் வாசலில் ஜனங்கள் மிக்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதைத் திருமூர்த்தி பார்த்திருக்கிறார். இனிமேல் அப்படி வேண்டாம், ஒழுங்காகச் செய்வோம் என்று சின்ன முதலாளியிடம் மல்லுக்கு நின்றவர் அவர். புனேயிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள், படிப்படியாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு கேட் என்று பெயர் வைத்தார்கள், கேட்டைத் தாண்டாமல் டிராயிங் அடுத்த மேஜைக்குப் போகக்கூடாது. வாட்ச்மேன்கூட கேலி செய்தார், சார் எங்கிட்ட ஒரு கேட்டுத்தான் இருக்குது, உங்ககிட்ட ஆறு இருக்குதாமே என்று. இருக்கட்டும். அஞ்சு கேட்டையும் நேர்மையாகத்தான் தாண்டினோம். மோட்டார் நேர்மை, பிளேடு நேர்மை, மூடி நேர்மை. ஆறாவது கேட்தான் வீடு. ஜனங்கள் வீட்டில் நிஜமாக எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது.

பார்ப்பது என்றுதான் இருந்தது. பார்ப்பது என்ற வார்த்தையில் அவர் மனசு துணி முள்ளில் மாட்டியதுபோல மாட்டிக்கொண்டு நின்றது. புனேயிலிருந்து வந்த அந்த அம்மாள், வெள்ளை முடியைக் கத்தரித்துவிட்டுக்கொண்டு ஆம்பளைச் செருப்புப் போட்டிருந்தவள், காலை ஏழு மணிக்குப் போய் அடுப்படியில் ஓரமாக நில்லுங்கள், பேசாதீர்கள், வெறுமனே பாருங்கள் என்று சொன்னாள். மீட்டிங்கில் ஒரே சிரிப்பு. அடுத்தவன் வீட்டு அடுப்படியில் ஆம்பளை போய் நிற்பதா, அதுவும் காலை நேரத்தில், அந்தப் பொம்பளை தலை சீவியிருக்குமோ என்னமோ. புருஷன்காரன் ஷிப்டில் இருப்பான், நாம் அங்கே நிற்போம், அக்கம்பக்கம் என்ன சொல்லும்? போன் போதும் மேடம், எங்கள் ஊர் வேறு என்று சொன்னது ஜெயசீலன். ஜெயசீலன் பேக்டரி மேனேஜர், அவர் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவோம். திருமூர்த்தியும் ஆட்டினார். அதுவும் வெளியாள் வீடு என்றால் புது மாடல் எதிராளிக்குத் தெரிந்துவிடும், நம்ம ஆட்கள் வீட்டுக்கே கொடுப்போம் என்றார்கள், அதற்கும் ஆட்டினார். பிறகு போன். மூடியிலிருந்து சிந்துதுங்களாம்மா? சிந்தறதே இல்லீங்க சார். சத்தம் எப்படி இருக்குது? சத்தமே வர்றதில்லீங்க. சூடாகுதா? துளிகூட ஆகறதில்லீங்க. அட ராமா. இதே வசந்தாமணிதான் சொன்னாள், இதே குரல்தான், ஆறு மாதமும் வாராவாரம் சொன்னாள். ஒரு பொய்கூட இல்லை. பரணில் சேலை போர்த்திக் கிடக்கிற மிக்சி எதைச் சிந்தும், என்ன சத்தம் போடும்? அவர் ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்துக்குப் பச்சை அடித்தார். வாராவாரம் பச்சை. சின்ன முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, வயல் மாதிரி இருக்குது மூர்த்தி என்றார். திருமூர்த்திக்கு இப்போது உள்ளங்கை வேர்த்தது. வேர்வையைச் சோபாவில் துடைத்தார், துடைபடவில்லை, சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை. நிமிர்ந்து பார்த்தார். டி.வி. ரிமோட்டுக்கு உறை. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் பூப்போட்ட துணி உறை, கதவில் கடைக்காரன் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் அப்படியே. தையல் மிஷினுக்கு உறை. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் பாதுகாப்புக்கு ஒட்டி வந்த மெல்லிய நீலத் தாள்கூட இன்னும் உரிபடாமல், மணி நீலமாகத் தெரிந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். என் வீட்டு ஸ்கூட்டர் சீட்டின் உறை இரண்டு வருஷம் கழித்து வெயிலில் தானாகக் கிழிந்துதான் போனது. எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் இருக்கும்போது தெரிந்தது, கம்பெனிக்குள் கார்டு தேய்த்து நுழைந்ததும் மறந்துபோனது.

ஒரு வீட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று அவருக்குள்ளிருந்த இன்ஜினியர் கொஞ்சம் கனைத்தான். சரி, இன்னொரு வீடு. அசெம்பிளியில் இருக்கிற மாரப்பன் வீட்டுக்குப் போன் போட்டார். அவன் சம்சாரம் எடுத்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, ஆறு மாதமாக ஒரே மாதிரிக் கேட்டுப் பழகிய வாய். "அம்மா, அந்த மிக்சி இப்ப எங்க இருக்குதுங்க? பெட்டியிலயா, வெளியவா?" அவள் மெதுவாக, "ஏனுங் சார், திருப்பி வாங்கிக்கறீங்களா? பத்திரமாத்தானுங்க இருக்குது, பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கறமுங்க" என்றாள். பீரோவுக்குள். நகையோடு. அவர் நன்றி சொன்னாரா வெறுமனே வைத்துவிட்டாரா என்று ஞாபகமில்லை. சரி, இதெல்லாம் இல்லாதப்பட்ட ஜனங்கள், ஒரு நல்ல பொருள் கிடைத்தால் பொத்தித்தான் வைப்பார்கள். முப்பதில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. என் வீட்டில் ஓடுகிறது. ஓடுகிறதா? திருமூர்த்தி கண்ணை மூடித் தன் வீட்டு அடுப்படியை நினைத்துப் பார்த்தார். ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை வந்தது. சிங்க் வந்தது, அதில் சொட்டுகிற குழாயும் வந்தது. மிக்சி வைக்கிற மேடை வந்தது. மேடைமேல் ஒன்றும் வரவில்லை. வெள்ளையா, சிவப்பா? ஆறு மாதமாகத் தினம் காபி குடிக்கிற அடுப்படி. இல்லை, காபி ஹாலுக்கு வந்துவிடும். மிக்சி சத்தம் கேட்டிருக்கிறேனா? குளிக்கும்போது கேட்கும் ஒரு சத்தம், அது எதனுடைய சத்தம்? புது மோட்டாரின் சத்தத்தை இறக்க ஒரு வருஷம் பாடுபட்டவனுக்குத் தன் வீட்டில் எந்த மோட்டார் ஓடுகிறது என்று தெரியவில்லை என்றால் அவனை எதால் அடிப்பது? பயமாக இருந்தது. பயத்தோடுதான் மனைவி உமாராணிக்குப் போன் போட்டார்.

"நம்ம வீட்ல ஓடற மிக்சி எது?" என்றார். "ஞாயித்துக்கிழமை காலங்காத்தால இதென்ன கேள்வி? பழசுதான்" என்றாள் உமாராணி. "புதுசு?" "அது மேல இருக்குது. உங்க தங்கச்சி வீட்டுப் புதுமனைக்கு என்ன குடுக்கறதுன்னு இருந்தேன், அதுக்கு ஆச்சுன்னு எடுத்து வெச்சேன்." "நான் கேட்டப்பெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னியே உமா?" அவள் கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க. நல்லாருக்குன்னு சொன்னா உங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதான்." இந்த நேரத்தில் வசந்தாமணி வெளியே வந்து ஏதோ கேட்டாள். கையில் கரண்டி இருந்தது. அவர் போனைக் காதில் வைத்தபடியே ம், ம் என்று தலையாட்டினார். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். என்ன கேட்டாள் என்று அவர் மனசில் ஏறவில்லை, காபியா டீயா என்று கேட்டிருப்பாள். அதான் என்றாளே உமா. அதான். முப்பது வீட்டுக்கும் அதுதான் காரணமா? நான் ஆசையாகக் கேட்டேனா? கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன். சிந்துதுங்களாம்மா என்பதை, சிந்தாதே என்று கெஞ்சுகிற குரலில் கேட்டிருப்பேன். இருபத்திமூன்று வருஷம் ஒரே கம்பெனியில் அடுத்தவன் டிராயிங்கை நகல் எடுத்தே கழித்தவனுக்கு, முதல் முறையாக ஒன்று, முழுக்க முழுக்கத் தன் யோசனையில் ஒன்று. போனை எப்போது வைத்தார் என்றும் தெரியவில்லை. இப்போது அங்கே கம்பெனியில் லாரி நிற்கும். தண்டபாணி பெட்டி பெட்டியாகக் கொடுக்க மேலே நிற்பவன் வாங்கி அடுக்குவான். மதுரைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, பாலக்காட்டுக்கு ஒன்று. நாளை மேடையில் கைதட்டல் முடிவதற்குள் கடைகளில் இறங்கியிருக்கும், தீபாவளிக்குள் எத்தனை அடுப்படி. எந்த அடுப்படியிலும் ஒருநாள்கூட ஓடாத பொருள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஆகாது, லேபில் எத்தனை ஓட்டம் ஓட்டியிருக்கிறோம், என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே தட்டிக்கொடுத்தார்.

உள்ளேயிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. கூடவே வரமிளகாய், பிறகு தக்காளி சுருங்குகிற புளிப்பு. இந்த அதிர்ச்சியிலும் நாக்கில் எச்சில் ஊறியது, உடம்புக்கு வெட்கமே கிடையாது. லேபில் இந்த வாசனை வந்ததில்லை என்று சும்மா நினைத்தார். லேபில் ஊறவைத்த அரிசி, ஊறவைத்த உளுந்து, தேங்காய், காய்ந்த மிளகாய், வெறும் தண்ணீர். டெஸ்ட் முறையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அதை எழுதியவர்கள் யாரோ, அவர்கள் தக்காளிச் சட்னி தின்றார்களோ என்னவோ. லேபில் எல்லாம் ஜில்லென்று இருக்கும், லேபில் யாருக்கும் பசிக்காது, யாருக்கும் ஏழே முக்காலுக்குப் பஸ் இல்லை. வீட்டில் வதக்கியதை யார் ஆறவைக்கிறார்கள்? ஆறவைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் ஆறவைப்பதில்லை. என் அம்மா தட்டில் கொட்டி இரண்டு தடவை ஊதுவாள், அவ்வளவுதான், பிறகு ஜாரில் போட்டு, மேலே துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஓட்டுவாள். மூடி எழும்பி எழும்பி அடங்கும், ஓரத்தில் ஆவி புஸ்ஸென்று போகும், சுவரில் சிவப்பாகத் தெறிக்கும். அந்தச் சிவப்பைத்தான் நான் ஒழித்தேன். கேஸ்கட் என்கிற ரப்பர் வளையம் போட்ட மூடி, இரண்டு பக்கமும் கிளிப், கிளிப் விழுந்தால்தான் மோட்டாரே சுற்றும், ஒரு சொட்டு வெளியே வராது. ஒரு சொட்டு வராது. ஆவி? அந்த இடத்தில் திருமூர்த்திக்குள் எல்லாம் நின்றது. ஆவி எந்த வழியாக வரும்? பழைய மூடி லூசாக இருந்தது, லூசு என்று நாம் திட்டினோம், அந்த லூசின் வழியாகத்தான் ஆவி போய்க்கொண்டிருந்தது. இந்த மூடியில் வழி இல்லை. சூடானதைப் போட்டு, மூடி, பிளேடு சுற்ற, உள்ளே காற்றும் ஆவியும் உப்பும், உப்பி மூடியை நெட்டும், மூடி அசையாது, ஏனென்றால் அசையாத மூடியைத்தானே நான் செய்தேன். அரைத்து முடித்ததும் அரைக்கிறவள் குனிந்து கிளிப்பைத் தட்டுவாள். குனிந்துதான் தட்டுவாள், உள்ளே மசிந்ததா என்று பார்க்க வேண்டுமே. முகம் நேர் மேலே இருக்கும். குக்கருக்கு விசில் வைத்தவன் முட்டாளா? ஒரு ஓட்டை, ஊசி முனையளவு ஓட்டை ஒன்று போதுமே, இது எப்படி இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்று? முதல் வீட்டில் முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு காலையில் அடுப்படி ஓரமாக நின்றிருந்தால் தெரிந்திருக்கும். புனே அம்மாளின் முகத்தை நினைத்துக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. நல்ல சத்தம். சீராக, அடங்கி, கரகரப்பில்லாமல் சுற்றுகிற ஒரு மோட்டாரின் சத்தம். முதலில் அவருக்குச் சந்தோஷம் வந்தது, வெட்கக்கேடு, சந்தோஷம்தான் முதலில் வந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், அதற்காக எத்தனை பேரிங் மாற்றினார், அடியில் ரப்பர் புஷ் வைக்க எவ்வளவு சண்டை போட்டார், ஆகா, வீட்டுக்குள் இவ்வளவு அழகாகவா கேட்கிறது என்று ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு டீப்பாயைப் பார்த்தார். டீப்பாய் காலியாக இருந்தது, அவர் போனில் மூழ்கியிருந்தபோது அவள் பெட்டியோடு தூக்கிப் போயிருக்கிறாள். கிழித்த டேப்பின் சுருள் ஒன்று தரையில் கிடந்தது. கரண்டியோடு வந்து அவள் கேட்டது இப்போது வரிவரியாகக் காதில் விழுந்தது, "நீங்களே வந்திருக்கறீங்க சார், உங்க முன்னால இன்னிக்கு ஆரம்பிச்சுரட்டுங்களா, சீருக்கு வேற வாங்கிக்கறனுங்க." ம், ம் என்று தலையாட்டியவர் அவர். எழுந்தார். அடுப்படி வாசல்வரை போய்விட்டார். அங்கே கால் நின்றது. நிலைப்படியைத் தாண்டவில்லை. அவள் முதுகு தெரிந்தது, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை, புருஷன்காரன் வேலையில் இருக்கிறான். அடுத்தவன் வீட்டு அடுப்படி. வெளியில் நின்றே சொல்லலாம், அம்மா என்று கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் போதும். இந்த யோசனையெல்லாம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ, மோட்டார் நின்றுவிட்டது. அவள் கட்டைவிரல் கிளிப்புக்குப் போனது. "தொறக்காதீங்க!" என்று கத்தினார். திடுக்கிட்டுத் திரும்பியவளின் விரல் பயத்திலேயே கிளிப்பைத் தட்டியது, அதற்குள் அவர் உள்ளே பாய்ந்து குறுக்கே கையை நீட்டியிருந்தார். டப்பென்று ஒரு சத்தம். மூடி அவர் முழங்கையில் அடித்துப் பறந்தது. கொதிக்கிற சிவப்பு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அப்பிக்கொண்டது, மேலே கூரையிலும் பட்டுச் சொட்டியது. எரிச்சல் உடனே வரவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தார். நெற்றியில் ஒரு மிளகாய் விதை. வேறொன்றும் இல்லை. கண் இரண்டும் விரிந்து, முழுசாக, நன்றாக இருந்தன. பிறகுதான் கை எரிந்தது, அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு எரிச்சலைக் கண்டதில்லை.

குழாயைத் திறந்து கையை அடியில் பிடித்துக்கொண்டு நின்றார். வசந்தாமணி துணியை எடுத்தாள், தண்ணீரில் நனைத்தாள், நனைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் பிழிந்தாள். "என்ர தப்புதானுங்க சார். சூட்டோட போட்டுட்டனுங்க. எனக்குக் கூறே இல்லீங்க. ஐயோ, கை செவந்துபோச்சே" என்று விடாமல் சொன்னாள். "உங்க தப்பில்லம்மா" என்றார். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "இதனால எங்கூட்டுக்காரரு வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்று கேட்டாள். திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். மிக்சிக்கும் தண்டபாணி வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?" "இல்லீங்க, நீங்க போன்ல கேக்கறப்பெல்லாம் அவுரு என்ர பக்கத்துலயே நிப்பாருங்க. ஆபீசர் கேக்கறாரு, நல்லாருக்குதுன்னு சொல்லு, எக்குத்தப்பா எதையாச்சும் சொல்லிப்போடாதேன்னு கையக் கையக் காட்டுவாருங்க. எல்லா ஊட்லயும் அப்படித்தானுங்க." தண்ணீர் கையில் விழுந்துகொண்டிருந்தது. உறை, பரண், சீர், ஆசை என்று அவர் இதுவரை அடுக்கிய காரணங்களெல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றன. சம்பளம் கொடுக்கிற கம்பெனி கேட்கிறது, நம்ம பொருள் எப்படி இருக்குது என்று. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அவர் கேட்டது கேள்வியே அல்ல. அதிர்ச்சியில் அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. எரிச்சலால் என்று அவள் நினைத்துக்கொண்டு மாவுப் பாத்திரத்திலிருந்து தோசை மாவை அள்ளித் தடவ வந்தாள், வேண்டாமென்று தடுத்தார்.

இடது கையால் போனை எடுத்து ஜெயசீலனைக் கூப்பிட்டார். பின்னால் லாரியின் இன்ஜின் சத்தம், யாரோ "வலிச்சு வுடு, வலிச்சு வுடு" என்று கத்துகிற சத்தம். தண்டபாணியின் குரலாக இருக்கலாம். "என்ன மூர்த்தி, ஓடின மிக்சி கெடச்சுதா?" என்றார் ஜெயசீலன் உற்சாகமாக. "லோடு ஏத்தறத நிறுத்துங்க சார். ஏத்துனதையும் எறக்கச் சொல்லுங்க." "என்னய்யா வெளயாடறயா? நாளைக்கு டீலருங்க..." "மூடி வெடிக்குது சார். சூடா அரைச்சா வெடிக்குது. என் கை வெந்துபோச்சு, கொஞ்சம் தவறியிருந்தா ஒரு பொம்பளைக்குக் கண்ணு போயிருக்கும். ஒரு வீட்லயும் ஓட்டவே இல்ல சார், நாம கேட்டோம், அவங்க சொன்னாங்க, அவ்வளவுதான். சின்ன முதலாளிகிட்ட நானே பேசறேன், நீங்க லாரிய மட்டும் நிறுத்துங்க." ஜெயசீலன் யாரையோ பார்த்து "ஆஃப் பண்ணுடா" என்று கத்தினார். இன்ஜின் நின்றது. திரும்பப் போனுக்கு வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது, விசாரணைக் குரல். "யார் வீட்ல நடந்துச்சு? எப்படிப் போட்டாங்க, எதைப் போட்டாங்க? அவங்களே ஏதாச்சும் தப்பா யூஸ் பண்ணியிருப்பாங்க. எந்த செக்‌ஷன் ஆளு, பேரச் சொல்லு." வசந்தாமணிக்கு அது கேட்டிருக்க வேண்டும். அடுப்பை அணைக்கப் போனவள் அப்படியே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்க வீட்லதான் சார்" என்றார் திருமூர்த்தி. "உமாதான் இன்னிக்குப் பெட்டியப் பிரிச்சா." தயக்கமே இல்லாமல் வந்தது. உண்மையைச் சொல்லத்தான் போனை எடுத்தவருக்கு, யாரோ ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் பொய் இத்தனை சுலபமாக வாயில் வந்து நிற்கும் என்று இதுவரை தெரியாது. "அப்படியா, எங்கூட்லயும் ஒண்ணு இருக்குதே, பிரிச்சாங்களான்னு கேக்கறேன் இரு" என்று ஜெயசீலன் பதறுவது கேட்டது.